கூட்டம் கலைந்த மறுநாள்

சென்ற மாதம் கீழத் தஞ்சையில் ஒரு கிராமத்தில் தெருமுனைக் கூட்டம் நடத்தினோம். கொடி கட்டினோம், பறை அடித்தோம், பாட்டுப் பாடினோம், பேசினோம். கூட்டம் நல்ல கூட்டம்தான். பேச்சு முடிந்து உண்டியல் குலுக்கிக்கொண்டு வந்தபோது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த நாணயத்தை எடுத்துப் போட்ட விவசாயத் தொழிலாளி அம்மாள் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"போன வருசம் ஜாதா வந்தப்பவும் இதே எடத்துல நின்னு, ஒரு நோட்டுல எங்க குறையெல்லாம் எழுதிக்கிட்டுப் போனீங்களே தோழரே, அந்த நோட்டு என்னாச்சு?"

நம்மிடம் பதில் இல்லை. காசும் போட்டுவிட்டு, கேள்வியும் கேட்டுவிட்டு, அந்த அம்மாள் கோபம் ஏதுமின்றி வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் இந்த வாரத் தலையங்கம் எழுதுகிறோம்.

கம்யூனிஸ்டுகள் என்றாலே கொடியும் கோஷமும் ஊர்வலமும்தான் என்று நம்மை ஏளனம் செய்வோர் உண்டு. செய்யட்டும். பணமூட்டை உள்ளவனுக்குப் பத்திரிகை இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது. மந்திரியின் வீட்டு வாசல் அவனுக்கு எப்போதும் திறந்திருக்கிறது. அவன் வெயிலில் ஊர் ஊராக நடக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏழையின் கட்சிக்கு இருப்பது இரண்டு கால்கள், ஒரு தொண்டை, ஒரு பறை. அதை வைத்துக்கொண்டு ஜனங்களிடம் போனோம், போகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பிரசார இயக்கம் ஜனங்களிடம் வேர் பிடித்தது, எது கூட்டம் கலைந்ததும் புழுதியோடு போயிற்று என்ற கணக்கை நாம் பார்த்தாக வேண்டும். எதிரி பார்ப்பதற்கு முன் நாமே பார்ப்பது நல்லது.

1936-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். உலகப் பொருளாதார நெருக்கடி மலபாரையும் விட்டுவைக்கவில்லை. தேங்காய்க்கும் மிளகுக்கும் விலை இல்லை; தறி ஓடவில்லை; வேலையில்லாதவர்கள் ஊருக்கு ஊர் பெருகினார்கள். அப்போது கண்ணூரிலிருந்து சென்னைக்கு ஒரு பட்டினி ஜாதா கிளம்பிற்று. தலைமை தாங்கியவர் ஏ.கே. கோபாலன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டத்தில் தொண்டர் படைக்குத் தலைவராக நின்று அடிபட்டவர். அன்று அவர் காங்கிரஸ் சோஷலிஸ்ட், கம்யூனிஸ்டானது பின்னால். அவருடன் நடந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். லட்சம் பேர் இல்லை தோழர்களே, முப்பத்திரண்டு பேர். நடந்த தூரம் சுமார் 750 மைல்.

கையில் காசில்லாமல் நடந்தவர்கள் அவர்கள். இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். காரில் வரும் தலைவருக்கு ஊர் ஜனங்களிடமிருந்து மாலையும் கைதட்டலும் போதும். நடந்து வருகிறவனுக்குத் தண்ணீர் வேண்டும், கஞ்சி வேண்டும், படுக்க ஒரு திண்ணை வேண்டும், கொப்புளத்துக்குக் கட்டுப் போடத் துணி வேண்டும். இவற்றை அந்த ஊர் ஏழை கொடுக்கிறான். கொடுத்த மாத்திரத்தில் அந்த ஜாதா அவனுடைய ஜாதா ஆகிவிடுகிறது. இரவு திண்ணையில் உட்கார்ந்து அவன் பேச ஆரம்பிக்கிறான். குத்தகை எவ்வளவு, பண்ணையார் மேல்வரும்படி எவ்வளவு பிடுங்குகிறார், எந்த அதிகாரி என்ன சொல்லி மிரட்டினார் என்பதெல்லாம் வெளியே வருகிறது. மேடையில் பேசுகிறவன் அங்கே கேட்கிறவனாக மாறிவிடுகிறான். நமது அபிப்பிராயத்தில் அந்த ஜாதாவின் பலம் பேச்சில் இருந்ததைவிடத் திண்ணையில்தான் அதிகம் இருந்தது.

சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் வெள்ளைக்கார சர்க்கார் வேலை கொடுத்துவிட்டதா? இல்லை. பிறகு என்ன மிஞ்சியது? நடந்தவர்களும் அவர்களைப் போன்றவர்களும் திரும்பிப் போய் ஊரில் உட்கார்ந்தார்கள். விவசாயிகள் சங்கம் கட்டினார்கள், வாசகசாலை வைத்தார்கள், இரவுப் பள்ளி நடத்தினார்கள், அக்கிரம வசூலை நிறுத்தச் சொல்லி ஜன்மியின் வீட்டு வாசலுக்கே விவசாயிகளை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். 1937-இல் கேரளத்தில் நான்கே பேர் கொண்ட இரகசியக் கட்சிக் கிளை தோன்றியது. 1939 டிசம்பரில் பிணராயிக்குப் பக்கத்தில் பாரப்புரத்தில் கூடியபோது, காங்கிரஸ் சோஷலிஸ்ட் ஸ்தாபனம் ஏறக்குறைய முழுமையாகவே கம்யூனிஸ்ட் கட்சியாக மாறியது. ஒரு ஜாதா இத்தனையையும் செய்துவிட்டது என்று நாம் கதை கட்டவில்லை. ஜாதா கடந்து போன ஊர்களில் மறுநாள் யாரோ ஒருவர் தங்கி வேலை செய்தார், அதுதான் விஷயம்.

வங்காளத்துக் கதை இதைவிடக் கசப்பானது. அதைச் சொல்லும்போது நம் பக்கத்துத் தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1942 ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் வெடித்தபோது, பாசிசத்துக்கு எதிரான மக்கள் யுத்தம் என்று சொல்லிக் கட்சி அந்தப் போராட்டத்திலிருந்து விலகி நின்றது. தேச பக்தி கொண்ட லட்சோப லட்சம் ஜனங்களுக்கு அது பொறுக்கவில்லை. துரோகி என்ற பட்டம் வந்தது. இதை மறைத்துச் சரித்திரம் எழுத நாம் தயாராக இல்லை.

மறு வருஷம் வங்காளத்தில் பஞ்சம். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று கரையோரத்துப் படகுகளையும் நெல்லையும் சர்க்காரே அப்புறப்படுத்தியது. 1942 அக்டோபரில் மேதினிப்பூரில் புயல். யுத்தத்துக்காகப் பணத்தை அச்சடித்துக் கொட்டியதில் விலை ஏறிற்று; பதுக்கல்காரன் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டான். நெல் விளைவித்த விவசாயத் தொழிலாளி, மீன் பிடித்த செம்படவன், படகுக்காரன், இவர்கள்தான் முதலில் செத்தார்கள். மொத்தம் சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். கல்கத்தா தெருவில் அவர்கள் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சித் தண்ணீரைக் கேட்டார்கள்.

துரோகி என்று தூற்றப்பட்ட அதே கட்சியின் ஊழியர்கள் அப்போது என்ன செய்தார்கள்? 1943 மார்ச்சிலேயே, பிணங்கள் தெருவில் விழத் தொடங்குவதற்கு முன்பே, மகளிர் ஆத்ம ரக்ஷா சமிதியின் சார்பில் சுமார் 5,000 பெண்கள் கல்கத்தாவில் சட்டசபைக்கு ஊர்வலம் போய் அரிசி கேட்டார்கள். கஞ்சித்தொட்டி திறந்தார்கள், பதுக்கிய நெல்லைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவரப் போராடினார்கள். சித்தபிரசாத் என்ற ஓவியர் மேதினிப்பூர் ஜில்லாவில் கால்நடையாகச் சுற்றி, கண்டதைக் கறுப்பு மையில் வரைந்தார். அந்தச் சித்திரங்களைப் புத்தகமாகப் போட்டபோது சர்க்கார் பிரதிகளைப் பறித்துக் கொளுத்திவிட்டது. சுனில் ஜானாவின் புகைப்படங்கள் கட்சிப் பத்திரிகையில் வந்தன. பஞ்சத்தின் முகத்தை இந்தியா முழுவதும் அவற்றில்தான் கண்டது. 1943 மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் அகில இந்திய ஸ்தாபனமாக உருவாயிற்று. வங்காளத்திலிருந்து பினய் ராய் தலைமையில் ஒரு பாட்டுக் குழு ஊர் ஊராகப் போய்ப் பாடி நிவாரணத்துக்கு நிதி திரட்டியது. 1944-இல் பிஜன் பட்டாச்சார்யா எழுதிய "நபான்ன" நாடகம் மேடை ஏறியது. ராஜா ராணி வேஷத்துக்குப் பழகிய கல்கத்தா மேடையில் கிழிந்த கோணித் துணியும் எச்சில் தொட்டியும் வந்து நின்றன.

பாட்டும் நாடகமும் மட்டும் என்றால் இந்தக் கதையை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டோம். 1946-இல் அதே வங்காளத்தில் தேபாகா போராட்டம் எழுந்தது. பாதி வாரம் கொடுத்துவந்த வாரதாரர்கள், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு என்றார்கள். அறுத்த நெல்லை ஜோத்தேதாரின் களத்துக்குக் கொண்டு போகாமல் தங்கள் களத்துக்கே சுமந்துகொண்டு போனார்கள். கீழத் தஞ்சை வாசகர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. நெல் யாருடைய களத்தில் இறங்குகிறது என்பதுதானே எல்லாம்! அந்தத் தைரியம் ஒரு ராத்திரியில் வந்ததல்ல. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவன் எவன், மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவன் எவன் என்று குடியானவன் கண்ணால் பார்த்திருந்தான். வீட்டில் செத்தவர்களை அவன் மறக்கவில்லை.

இனி கேரளத்து நாடகம். 1952 டிசம்பர் 6-ஆம் தேதி சவறாவில் கே.பி.ஏ.சி. குழுவினர் "நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி" என்ற நாடகத்தை முதன்முதலாக நடித்தார்கள். "நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்" என்று பொருள். எழுதியவர் தோப்பில் பாசி. போலீஸ் தேடிக்கொண்டிருக்க, தலைமறைவாக இருந்தபடி எழுதினார். பாட்டு ஓ.என்.வி. குறுப்பு, இசை தேவராஜன். பரமுப் பிள்ளை என்று ஒரு கிழவர், மேல் ஜாதி, நொடித்துப் போன குடும்பம், மகன் செங்கொடி பிடிப்பது பிடிக்காது. பக்கத்து நிலப்பிரபு அவரையே ஏமாற்றி நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறான். கிழவர் படிப்படியாக மாறிக் கடைசியில் செங்கொடியைத் தம் கையில் வாங்குகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் கேரளத்தின் கிராமங்களில் எத்தனை பரமுப் பிள்ளைகள் தங்களையே மேடையில் பார்த்தார்கள்! 1953-இல் திருவாங்கூர்-கொச்சி சர்க்கார் நாடகத்துக்குத் தடை போட்டது. தடையை மீறி நடித்துக் கைதானார்கள். கோர்ட்டுக்குப் போய்த் தடையை உடைத்தார்கள். தடையால் நாடகத்தின் புகழ் இரட்டிப்பாயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1957 தேர்தலில் கட்சி 126 இடங்களில் 60 பெற்றது. ஆதரவு சுயேச்சைகளோடு சேர்ந்து ஏப்ரல் 5-ஆம் தேதி ஈ.எம்.எஸ். மந்திரி சபை பதவி ஏற்றது. ஓட்டு நாடகத்துக்கு விழவில்லை. இருபது வருஷச் சங்க வேலைக்கு விழுந்தது. ஆனால் சங்கம் நுழைய முடியாத வீட்டு முற்றத்துக்குள் நாடகப் பாட்டு நுழைந்தது என்பதை மறுப்பவர் யாருமில்லை. மந்திரி சபையும் பேச்சோடு நிற்காமல், பதவியேற்ற சில நாட்களிலேயே குடிகளை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

ஆனாலும் அந்த நாடகத்தில் மாலா என்று ஒரு பெண் வருகிறாள். தாழ்த்தப்பட்ட ஜாதி, வயலில் வேலை செய்பவள், கொடியை முதலில் பிடித்தவர்களில் ஒருத்தி. கதாநாயகன் மேல் அவளுக்குள்ள அன்பு நிறைவேறுவதில்லை. கதையின் முடிவு மேல் ஜாதிக் கிழவரின் மன மாற்றத்தைச் சுற்றியே நிற்கிறது. 1995-இல் சிவிக் சந்திரன் இதற்குப் பதில் நாடகம் ஒன்று எழுதினார்: நீங்கள் யாரைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள் என்று தலைப்பிலேயே கேட்டார். நம்மவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. நமக்கும் ஆரம்பத்தில் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைதாரர் நிலத்துக்கு உடைமையாளர் ஆனார். குடிகிடப்புக்காரரான விவசாயத் தொழிலாளிக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வீட்டு மனை கிடைத்தது. எவனும் எழுந்து போ என்று சொல்ல முடியாத பத்து சென்ட் பெரிய விஷயம்தான். இன்னமும் மனைப் பட்டா கேட்டு நிற்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வயலில் இறங்கி வேலை செய்த மாலாவுக்கு அந்த வயல் கிடைக்கவில்லை. ஒரு இயக்கம் யாருடைய மனதை மாற்றப் பாடுபட்டது என்பதில், கடைசியில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதும் ஓரளவு அடங்கியிருக்கிறது. கீழத் தஞ்சையில் 1943-இல் சீனிவாச ராவ் தென்பரையில் கொடி ஏற்றியபோது பண்ணையாளையும் குத்தகைதாரரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார். சேரிக்குள் தங்கினார், சேரியில் சாப்பிட்டார். சாட்டையடியையும் சாணிப்பாலையும் ஒழித்தது அந்தச் சங்கம். அவருக்குத் தாய்மொழி தமிழும் அல்ல, கன்னடம்!

ஐரோப்பாவில் வேறு வழி கண்டார்கள். பிரெஞ்சுத் தோழர்கள் 1930-இல் பெஸோன் என்ற இடத்தில் "யூமானிதே" பத்திரிகைக்கு நிதி சேர்க்க ஒரு திருவிழா நடத்தினார்கள். இத்தாலியர்கள் 1945-இல் "உனிதா" பத்திரிகைக்காக ஆரம்பித்தார்கள். பாட்டு, கூத்து, புத்தகக் கடை, கிளைத் தோழர்களே சமைத்துப் போடும் சாப்பாடு. குடும்பத்தோடு ஜனங்கள் வந்தார்கள். 1976 தேர்தலில் இத்தாலியக் கட்சிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு விழுந்தது. ஆனால் 1991-இல் அந்தக் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. திருவிழாவோ அதன் வழி வந்த வேறு பெயர்க் கட்சிகளின் கையில் தொடர்ந்து நடந்தது. தேர் ஓடுகிறது, உள்ளே சாமி மாறிவிட்டது!

கட்சி ஆட்சியில் அமர்ந்த இடங்களில் நடந்ததையும் பார்த்தாக வேண்டும். 1989 டிசம்பர் 21-ஆம் தேதி ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் சௌஷெஸ்கு ஒரு பிரம்மாண்டமான கூட்டம் கூட்டினார். தொழிற்சாலைகளிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கையில் பதாகை, தலைவர் படம் எல்லாம் கொடுத்தார்கள். அவர் பேச ஆரம்பித்த சில நிமிஷங்களில் கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. மறுநாள் ஹெலிகாப்டரில் ஓடினார். 25-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன் அக்டோபர் 7-இல் கிழக்கு பெர்லினில் நாற்பதாம் ஆண்டு விழா அணிவகுப்பு வெகு விமரிசையாக நடந்தது. நவம்பர் 9-இல் சுவர் திறந்துவிட்டது. ஏகாதிபத்தியச் சதி என்று மட்டும் சொல்லி இதைத் தள்ளிவிடுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆஜர்ப் பட்டியல் எடுத்து, பெயர் கூப்பிட்டு, வண்டியில் ஏற்றி நிறுத்திய கூட்டத்தை ஆதரவு என்று தலைவர்கள் நம்பினார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக் கூட்டம் சேர்க்கிற நம் ஊர்க் கட்சிகளைப் பார்த்துச் சிரிக்கிறோமே, பொட்டலம் கொடுக்காமல் பயத்தைக் கொடுத்துச் சேர்த்த கூட்டம் அதைவிட எந்த வகையில் மேல்?

நம் நாட்டில் சமீப காலத்து உதாரணம் ஒன்று. 2018 மார்ச் 6-ஆம் தேதி நாசிக்கிலிருந்து அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் செங்கொடி ஊர்வலம் பம்பாயை நோக்கிக் கிளம்பியது. சுமார் 180 கிலோமீட்டர். பாதிக்கு மேல் ஆதிவாசிகள். வன உரிமைச் சட்டப்படி தாங்கள் உழும் நிலத்துக்குப் பட்டா கேட்டார்கள், கடன் தள்ளுபடி கேட்டார்கள். பலர் கால் செருப்பு அறுந்து, பாதம் வெடித்து, இரத்தம் கசிய நடந்தார்கள். நகரத்துக்குள் நுழைந்த நாளன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுப் பரீட்சை. போக்குவரத்து தடைப்படக் கூடாது என்று, களைத்துப் போன அந்த ஆயிரமாயிரம் பேரும் தூங்காமல் இரவோடு இரவாக நடந்து ஆசாத் மைதானம் சேர்ந்தார்கள். யாரும் அவர்களுக்கு அப்படி உத்தரவு போடவில்லை. பம்பாய் நகரத்து ஜனங்கள் சாப்பாடும் தண்ணீரும் செருப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்ச் 12-ஆம் தேதி சர்க்கார் எழுத்து மூலம் வாக்குறுதி கொடுத்தது.

1936-இன் திண்ணை 2018-இல் பம்பாய்த் தெருவில் கிடைத்துவிட்டது என்று பூரித்துப் போனோம். ஆனால் வாக்குறுதி நிறைவேறவில்லை என்று 2019 பிப்ரவரியில் மறுபடி நடக்க ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் அக்டோபரில் மகாராஷ்டிர சட்டசபைத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம், டகாணு. செருப்புக் கொடுத்த கை ஓட்டுப் போடவில்லை. ஜனங்கள் நன்றி கெட்டவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லும் தோழரைக் கண்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. நீ கேட்பது நியாயம் என்று அவர்கள் சொன்னார்கள். நீ எங்கள் தெருவில் இருக்கிறாயா என்பது அடுத்த கேள்வி. டகாணுவிலோ 1945-இல் கோதாவரி பருலேகர் வார்லி ஆதிவாசிகளிடையே வேலை ஆரம்பித்ததிலிருந்து செங்கொடி அந்த மண்ணை விட்டு அகலவில்லை.

மில் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு காலத்தில் ஷிப்டு மாறும் பத்து நிமிஷத்தில் கேட் மீட்டிங் நடத்தி, பஞ்சப்படி எத்தனை பைசா குறைகிறது என்பதைச் சொல்லி, கூட்டத்தை நகரவிடாமல் நிறுத்திய பேச்சாளர்கள் இருந்தார்கள். இன்று எத்தனை மில்களில் கேட்டுக்கு வெளியே தொழிலாளி வருகிறான்? தென் மாவட்டத்து இளம் பெண்களை விடுதிக்குள்ளேயே வைத்து வேலை வாங்குகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் காம்பவுண்டுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். நாம் கேட்டுக்கு வெளியே தமிழில் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறோம். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான் ஒடிய மொழி பேசும் ஸ்பின்னிங் தொழிலாளி. மரியாதைக்காக வாங்குகிறான், படிக்க முடியாது. கன்னடக்காரர் ஒருவர் வந்து தமிழ் கற்றுக்கொண்டு சேரியில் தங்கிச் சங்கம் கட்டிய மண்ணில், நம்மில் எத்தனை பேர் பத்து வார்த்தை ஒடிய மொழி கற்றுக்கொண்டோம்? இந்தத் தலையங்கத்தை எழுதுகிற நாமும் கற்கவில்லை.

அந்த அம்மாள் கேட்ட நோட்டைத் தேடினோம். கிளை அலுவலகத்தில் பழைய ரசீதுப் புத்தகக் கட்டுக்கு அடியில் கிடந்தது. முதல் மூன்று பக்கத்தில் பதினோரு குறைகள், கிராமம் வாரியாக, நல்ல கையெழுத்தில். நான்காம் பக்கத்திலிருந்து ஜாதாவின் டீச் செலவும் மைக் செட் வாடகையும். பதினொன்றில் இரண்டுக்கு மட்டும் மனுக் கொடுத்திருக்கிறோம், ஒன்று முடிந்திருக்கிறது. அந்த அம்மாளின் தெருவுக்கு எதிரே எழுதியிருப்பது சுடுகாட்டுப் பாதை. மழைக் காலத்தில் பிணத்தை இடுப்பளவு தண்ணீரில், நட்ட வயலில் இறங்கித் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வயல்காரர் ஏசுகிறார்.

மாவட்டக் குழுவுக்கு நாம் எழுதியிருக்கிறோம்: அடுத்த ஜாதாவுக்கு நோட்டீஸ் அடிக்கும் முன்பு போன ஜாதாவின் நோட்டை ஒவ்வொரு கிளையிலும் உரக்கப் படிக்க வேண்டும், எதற்கு மனுக் கொடுத்தோம், எதற்குக் கொடுக்கவில்லை என்பதை அந்தந்தத் தெருவிலேயே போய்ச் சொல்ல வேண்டும். செலவுக் கணக்குக்கு வேறு நோட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெருவுக்குப் போகிறோம். கொடியும் மைக்கும் இல்லை; கிராம வரைபடமும், பாதை எந்தச் சர்வே எண்ணில் வருகிறது என்று தெரிந்த ஓய்வு பெற்ற தலையாரி ஒருவரும் கூட வருகிறார்கள்.